‘உடுக்’ என்று ஒரு வாத்தியம் கிடையாது

"தொழில்நுட்பத்துக்கு மொழி கிடையாது" என்று நம்ம பக்கத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறவங்க அடிக்கடி சொல்றதைக் கேட்டிருப்பீங்க. இருக்குங்க. எத்தனை பைட்டுக்கு இருக்குன்னு கணக்கே காட்டலாம்.

மாசியில் மலையகத் தோட்டங்களில் ஆடுற காமன் கூத்தை எடுத்துக்குவோம். இன்றைக்கு அது பதிவாகிறது பெரும்பாலும் ஒரு கைபேசியில்தான். கூட்டத்துக்குள்ள யாரோ கையை உயர்த்திப் பிடிக்கிறாங்க. தப்புச் சத்தம் மற்ற எல்லாத்தையும் விழுங்கிடுது, ரதியின் ஒப்பாரி எங்கேயோ போயிடுது. ஒழுங்காகச் செய்யணும்னா தப்புக்கு இரண்டு மைக், உடுக்குக்கு ஒன்று, சலங்கைக்கு ஒன்று, பாட்டுக்காரருக்கும் ரதிக்கும் ஒவ்வொன்று என்று தனித்தனியாக வைக்கணும். கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இது இன்னும் அவசரம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிற தோட்டங்கள் நம்மளுடையவை. பாட்டுத் தெரிந்த ஒரு பெரியவர் போனால், அந்த டிவிஷனில் அந்தப் பாட்டே போயிடலாம்.

சரி, ஆறு மைக்கையும் எப்படியோ தேடிப் பிடிச்சு ஒரே கோப்பாகப் பதிவு செய்தாச்சு. அந்தக் கோப்பைத் திறக்கிற மென்பொருளுக்கு எந்தச் சேனலில் என்ன இருக்குன்னு தெரியணுமே?

விஎல்சி, ஓபிஎஸ் போன்றவற்றுக்கு அடியில் ஓடுறது எஃப்எஃப்எம்பெக் என்ற லைப்ரரி. சேனல்களின் அமைப்பை அது நீண்ட காலம் ஒரே ஒரு 64 பிட் எண்ணில்தான் வைத்திருந்தது. ஒரு பிட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்: முன் இடது, முன் வலது, நடு, பேஸ், பின் இடது, இப்படி. நல்லாப் பாருங்க, அது ஒரு சினிமா கொட்டகையின் வரைபடம். எல்லாரும் நாற்காலியில் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க என்பது அந்த எண்ணுக்குள்ளேயே எழுதியிருக்கு. கூத்துக்கு முன் ஏது, பின் ஏது? சுற்றி நிற்கிறது சனம், நடுவில் ஆடுறான் மன்மதன்.

அந்த எண்ணில் ஒரே பெயரில் இரண்டு சேனல் இருக்க முடியாது, ஏன்னா ஒரு பிட் ஒரு தடவைதான் வரும். வரிசையையும் மாற்ற முடியாது. இதெல்லாம் ஏட்டளவு குறை என்று நினைக்காதீங்க. ஆறு சேனல் கோப்பில் குறிப்பு எதுவும் இல்லைன்னா, பல மென்பொருள்கள் அதை 5.1 சினிமா ஒலி என்று ஊகிக்கும். அந்த வரிசையில் நாலாவது சேனல் பேஸ் ஸ்பீக்கருக்கு உரியது. ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது எஃப்எஃப்எம்பெக் அதைச் சேர்க்காது, அதன் இயல்பு அளவே பூச்சியம். நாலாவது மைக்கில் ரதி இருந்தால் ரதி இல்லை. பிழைச் செய்தி ஒண்ணும் வராது.

2022 ஜூலையில் வந்த 5.1 பதிப்பில் (இது எஃப்எஃப்எம்பெக்கின் பதிப்பு எண், சினிமா 5.1 வேறு) இதைத் திருத்தினாங்க. சேனல் அமைப்பு இப்போ ஒரு தனி ஸ்ட்ரக்சர். வரிசை எந்த வகை, எத்தனை சேனல், பிறகு பழைய பிட் எண் அல்லது நாமே எழுதுற ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சேனலுக்கும் ஓர் அடையாள எண்ணும் ஒரு பெயரும் உண்டு. ‘ஒலி இருக்கு, இடம் தெரியாது’ என்று சொல்லவே ஓர் எண் ஒதுக்கியிருக்காங்க. சொந்தமாக ஒரு முகவரி இல்லாமல் கடிதம் தோட்ட ஒபிசுக்குப் போய்ச் சேர்ற நமக்கு, அந்த எண்ணைப் படிக்கும்போது சிரிப்பு வராமல் இருக்காது. ஆனால் நேர்மையான எண் அது. பொய்யாக ‘பின் இடது’ என்று போடுறதை விட எவ்வளவோ மேல். பாதிக் கணக்கை அவங்க சரியாகவே போட்டிருக்காங்க.

மற்றப் பாதி அந்தப் பெயரில் இருக்கு. அதற்கு ஒதுக்கினது 16 பைட். கடைசி ஒன்று முடிவுக் குறிக்குப் போக மிச்சம் 15. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், ஆக 15 எழுத்து தாராளம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், ஆக ஐந்தே குறியீடு. புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனிக் குறியீடு என்பதையும் மறக்காதீங்க. ‘தப்பு’ சரியாக 15, மயிரிழையில் உள்ளே போயிடும். ‘தப்பு 1’, ‘தப்பு 2’ என்று எழுதினால் 17. பதினைந்தில் வெட்டினால் இரண்டும் ‘தப்பு’ ஆகிடும், எது எதுன்னு தெரியாது. உடுக்கு ‘உடுக்’ ஆகும். சலங்கை ‘சலங்க’, மன்மதன் ‘மன்மத’. சிவன் எரிக்கிறதுக்கு முன்னாடியே மென்பொருள் பாதி எரிச்சிடுது. சிங்களத்துக்கும் இதே மூன்று பைட் கணக்குத்தான். சப்ரகமுவ நடனத்தின் ‘தவுல’ சின்னச் சொல் என்பதால் தப்பிக்கும். எல்லாச் சொல்லும் அப்படி இல்லை.

"பெயர் சும்மா அலங்காரம், ஆங்கிலத்தில் அடிச்சிட்டுப் போ" என்பாங்க. சொல்றது சுலபம். பத்து வருஷம் கழிச்சு அந்தக் கோப்பைத் திறக்கிறவர் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால், அது உடுக்கா உடுக்கையா, யார் சொன்ன உச்சரிப்பு என்று ஆங்கில எழுத்தை வைத்துத் துப்புத் துலக்கணுமா? சேனலின் பெயர்தான் அங்கே வாசிக்கிறது என்னன்னு சொல்ற ஒரே இடம்.

மறுபக்க நியாயமும் ஒன்று இருக்கு. நிலையான அளவு இருந்தால் பட்டியலை ஒரே மூச்சில் நகல் எடுக்கலாம். பெயருக்குத் தனி நினைவகம் கொடுத்தால் அதை யார் விடுவிக்கிறது என்ற தலைவலி. சரிதான். ஆனால் வழி இல்லாமல் இல்லை. பெயர்களை எல்லாம் பட்டியலின் வாலில் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு சேனலிலும் ‘உன் பெயர் இத்தனையாவது பைட்டில் தொடங்குது’ என்று ஓர் எண் மட்டும் வைக்கலாம். ஒரே ஒதுக்கீடு, ஒரே விடுவிப்பு. அதுவும் சிரமம்னா 16-ஐ 64 ஆக்குங்க. 64 சேனலுக்கு 64 பைட் வீதம் மொத்தம் 4,096 பைட். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஒலியில் ஒரே சேனலின் ஒரு நொடிக்கே 96,000 பைட் வேணும். அதாவது எல்லாப் பெயரும் சேர்ந்து ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு கூட வராது. இதைத்தான் மிச்சம் பிடிக்கிறாங்களாம்! ஸ்ட்ரக்சரின் அளவை மாற்றினால் பழைய நிரல்கள் உடையும் என்பது உண்மை. பெரிய பதிப்பு எண் மாறுறது எதுக்கு? பழைய பிட் எண்ணையே 2024-இல் 7.0 பதிப்பில் தூக்கினவங்கதானே.

எஃப்எஃப்எம்பெக் திறந்த மூலம். யாரும் மாற்றம் எழுதி அனுப்பலாம், நம்மளும்தான். அதுவரைக்கும் நீங்க சொந்தமாக எழுதுற ஒலி மென்பொருளில் பெயருக்கு இடம் ஒதுக்கும்போது, சோதனைக்கு ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று போடாதீங்க. ‘ரதி ஒப்பாரி, சலங்கை 2’ என்று போட்டுப் பாருங்க. சரியாக 53 பைட்.