பேருக்கு மட்டும் டைரக்டர்: நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு?

ராயக்கோட்டையில் ஒருவர் லேத் பட்டறை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓசூர் வாகன ஆலைகளை நம்பி ஜாப் ஒர்க். பெரிய ஆர்டருக்காக ‘பிரைவேட் லிமிடெட்’டாக மாற முடிவு செய்கிறார். அதற்குக் குறைந்தது 2 இயக்குநர்கள் வேண்டும். இன்னொருவர் யார்? மனைவி, இல்லையென்றால் மச்சான். “சும்மா பேருக்குத்தான், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்பதோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஆனால் சட்டத்தில் ‘பேருக்கு இயக்குநர்’ என்று ஒரு பதவியே இல்லை. நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 166-வது பிரிவு எல்லா இயக்குநர்களுக்கும் பொது. நல்லெண்ணத்தோடு, நியாயமான கவனத்தோடு, சுயமாக யோசித்து முடிவெடுக்க வேண்டும். சொந்த நலன் குறுக்கே வரக் கூடாது. மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அப்படியென்றால் நஷ்டம் வந்தாலே குற்றமா? இல்லை. கடன் வாங்கி சிஎன்சி மெஷின் வாங்கிய பிறகு ஆர்டர் குறைந்துபோனால், அது தொழிலில் சகஜம். நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்துகொண்டவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க 463-வது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் இதைவிடத் தாராளம். இயக்குநர்களின் தொழில் முடிவுகளில் பொதுவாகத் தலையிடுவதில்லை. அங்கேயும் ஒரு எல்லை உண்டு. டிரான்ஸ் யூனியன் நிறுவனத்தைச் சந்தை விலையைவிட அதிகத்துக்கே விற்றார்கள். ஆனாலும் ஆவணங்களைப் பார்க்காமல், 20 நிமிட விளக்கத்தைக் கேட்டு, இரண்டே மணி நேரக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டது பெரும் அலட்சியம் என்று 1985-ல் டெலவேர் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலை நல்ல விலைதான், விசாரிக்காததுதான் தப்பு.

நம் ஊரில் சிக்கல் பெரும்பாலும் இவ்வளவு பெரிய முடிவுகளில் வருவதில்லை. கணக்குத் தாக்கல் செய்யாததில்தான் வருகிறது. தொடர்ந்து 3 ஆண்டுகள் தாக்கல் செய்யாத நிறுவனத்தின் இயக்குநர்கள், 164-வது பிரிவின்படி 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். 2017-ல் இப்படி நாடு முழுக்க 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் வந்தார்கள். பலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். இயக்குநர் அடையாள எண்ணையே முடக்கப் பதிவாளருக்கு அதிகாரமில்லை என்று 2020 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நிம்மதிதான். ஆனால் அதற்குள் 3 ஆண்டுகள் போய்விட்டன.

செக் பவுன்ஸ் வழக்கு வேறு கதை. இயக்குநர் என்ற பட்டம் மட்டும் போதாது, அன்றாட நிர்வாகத்தில் பொறுப்பு இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நிர்வாக இயக்குநரும் செக்கில் கையெழுத்திட்டவரும் இதைச் சொல்லித் தப்ப முடியாது.

கம்பெனி பதிவின்போதே இந்தப் பொறுப்புகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் என்ன? அரசுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அதுவரை, ஆடிட்டர் நீட்டும் காகிதத்தை வாசிக்கத்தான் வேண்டும். ஒரு முடிவில் உடன்பாடு இல்லையென்றால், அதை மினிட்ஸில் எழுதச் சொல்ல வேண்டும். ஒத்துவரவில்லையா, எழுத்துப்பூர்வமாக ராஜினாமா கொடுக்கலாம். பதவியில் இருந்த காலத்தில் நடந்த குற்றங்களுக்கான பொறுப்பு மட்டும் விலகிய பிறகும் கூடவே வரும்.