குடும்ப ஆல்பமும் நில உரிமையும்

குடும்பப் புகைப்படம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மூணாறு மலைகளில் துரைமார் விட்டுச்சென்ற படங்கள் அந்த எண்ணத்தைத் தகர்க்கின்றன.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார்; ஏறத்தாழ 1.37 இலட்சம் ஏக்கர். தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த முதுவர்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. பின்னர் கங்காணிகள் வழியே தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். 1894இல் காலராவுக்குப் பலியான துரையின் இளம் மனைவிக்கு மூணாறு தேவாலயக் குன்றில் பெயர் பொறித்த கல்லறை உண்டு. கொள்ளைநோய்களில் மாண்ட தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. புகைப்படத்திலும் இதே நீதிதான்: பங்களாத் தாழ்வாரத்தில் அமர்ந்தவருக்குப் பெயர் உண்டு, பின்னால் நிற்பவர் வெறும் ‘கூலி’.

இத்தகைய படங்களைக் கலைஞர் என்ன செய்வது? விவான் சுந்தரம் ஒரு வழியைக் காட்டினார். தம் பாட்டனார் உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் இணைத்து, வெவ்வேறு காலத்தவரை ஒரே சட்டகத்துக்குள் நிறுத்தினார். ஆல்பம் முடிந்துபோன சான்று அன்று, மறுவிசாரணைக்கு உரியது என்பதே அதன் பாடம். துரைமார் படங்களையும் அவ்வாறு விசாரிக்க வேண்டும். தாழ்வாரம் யார் நிலத்தில் எழுந்தது என்று கேளாத கலை, உல்லாச விடுதிச் சுவருக்கு அலங்காரமாகவே முடியும்.

இக்கேள்வி வெள்ளையரோடு நிற்பதன்று. பாலக்காட்டின் அட்டப்பாடியில் 1951இல் ஆதிவாசிகள் மக்கள்தொகையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தனர். 2001இல் பாதிக்கும் கீழே வந்துவிட்டனர். அங்கு குடியேறி நிலம் சேர்த்தவர்களில் மலையாளிகளோடு தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மூணாற்றில் சட்டகத்துக்கு வெளியே நிற்கும் தமிழர், அட்டப்பாடியில் சட்டகத்தின் நடுவிலும் அமர்ந்திருக்கிறார். ஆகவே ஆல்பத்தை மொழியால் அன்று, நில உறவால் வாசிக்க வேண்டும்.

2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களில் உறங்கிய தொழிலாளர் குடும்பங்களைப் புதைத்தது. 70 பேர் மாண்டனர். தலைமுறை தலைமுறையாக உழைத்தாலும் ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதே இன்றும் நிலை. லய வாசலில் எடுத்த திருமணப் படம், 2015 பெண் தொழிலாளர் போராட்டத்தின் படம், ஆதிவாசி ஊரின் பழைய படம் ஆகியவை பெயரோடும் ஆண்டோடும் திரட்டப்பட வேண்டும். இம்மண்ணில் யார் வாழ்ந்தார், யார் உழைத்தார் என்பதற்கு அவை சாட்சி. நிலப் போராட்டத்துக்கு அந்தச் சாட்சி தேவை.