பால் ஆடு வளர்க்க ஆசையா? முதல்ல கிடாக்குட்டிக்கு ஒரு வழி சொல்லுங்க



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்ப, சீக்கிரம் ஓய்வுபெறப் போற ஒரு அண்ணன் கேட்டார்: "பால் ஆடு வளர்க்கலாம்னு இருக்கேன். கறிக்கு வளர்த்தாதான் பாவம், பாலுக்கு வளர்த்தா பாவம் இல்லையே?" எங்களுக்கு உடனே பதில் சொல்ல வரலை. அதான் இங்க எழுதறோம்.

நாங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கம்பத்து வீட்டுக்குப் பின்னால ஆறு வருஷமா கறவை ஆடு வளர்க்கிறோம். தோட்டத்துல பிறந்தவங்களுக்கு ஆடு புதுசு இல்ல. ஆனா லயத்துக்குப் பின்னால நம்ம பாட்டிங்க வளர்த்தது விற்கிறதுக்கு. கறவை ஆடு வேற கணக்கு.

ஆடு சும்மா பால் கொடுக்காது. சினையாகி, ஏறக்குறைய 150 நாள் சுமந்து, குட்டி போட்டாதான் மடியில பால் இறங்கும். ஒரு ஈத்துக்கு ரெண்டு குட்டி சகஜம். பிறக்கிறதுல பாதி கிடா. கிடா பால் கறக்காது. அது எங்க போகும்? ஆடு வாங்குறதுக்கு முன்னாடி இதை யாரும் யோசிக்கிறதில்ல. நாங்களும் யோசிக்கலை.

எங்க முதல் ஈத்துல ரெண்டுமே கிடா. புட்டியில பால் கொடுத்து வளர்த்தோம். தீபாவளிக்கு முன்னாடி ஒருத்தர் வந்து விலை கேட்டார். எங்க வீடு சைவம். இருந்தாலும் தீனிச் செலவு கழுத்தை நெரிச்சது, கொடுத்துட்டோம். அன்னிக்கு சாயங்காலம் கறந்த பாலை எங்க ரெண்டு பேராலயும் குடிக்க முடியலை.

கறிக்கு விற்கிறவங்களை நாங்க குறை சொல்லலை. ஆனா "எங்களது பால் ஆடு, கறிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு சொல்றது நமக்கு நாமே சொல்லிக்கிற பொய். என்ன செய்யப் போறோம்னு தெரிஞ்சு ஆரம்பிங்க.

ஆரம்பிக்கிறவங்களுக்கு எங்க அனுபவம் இதுதான்.

ரெண்டு பெட்டை ஆடு போதும். ஒத்தை ஆடு துணை இல்லாம கத்தி ஏங்கிப் போகும். சானென் நல்லா கறக்கும், ஆனா நம்ம வெயில் தாங்காது. ஜம்னாபாரி வெயில் தாங்கும். கலப்பு ஆடு நமக்குத் தோது.

தரையில கட்டாதீங்க. பலகை இடைவெளி விட்டு உயரமா பரண் கொட்டகை போடுங்க. புழுக்கையும் மூத்திரமும் கீழ விழுந்திடும், குளம்பு அழுகாது. பனி காய்ஞ்ச பிறகு மேய விடுங்க, குடல்புழு குறையும்.

கிடா வாங்காதீங்க. 21 நாளுக்கு ஒரு தடவை பெட்டை பருவத்துக்கு வரும், கத்தும், வாலை ஆட்டும். அப்போ தெரிஞ்சவங்ககிட்ட இருக்கிற நல்ல கிடாகிட்ட கொண்டு போங்க. கிடாக்குட்டியை மூணு மாசத்துலயே தாய்கிட்ட இருந்து பிரிச்சிடுங்க, இல்லன்னா தாயையே சினையாக்கிடும்.

பிறந்த குட்டிக்கு முதல் சில மணி நேரத்துக்குள்ள சீம்பால் கட்டாயம். உங்களுக்கோ, பாலைக் காய்ச்சாம ஒரு வாய்கூட வேணாம். ஆட்டுல இருந்து மனுஷனுக்கு வர்ற நோய் இருக்கு. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு ஆட்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்க.

நாங்க இப்போ வருஷா வருஷம் சினைக்கு விடறதில்லை. நல்ல ஆடு ஒரு வருஷம் தாண்டியும் கறக்கும். பால் குறையத்தான் செய்யும், ஆனா வழி இல்லாத குட்டியும் குறையும். காயடிச்ச கிடா ரெண்டு இன்னும் எங்ககிட்ட இருக்கு. லாபம் ஒண்ணும் இல்ல. அதுங்க போடற எரு கோயில் பூச்செடிக்குப் போகுது.

அண்ணே, நீங்க கேட்டதுக்கு எங்க பதில் இதுதான்: பாவமா இல்லையான்னு நாங்க யார் சொல்ல? ஆனா ஆடு வாங்கப் போறப்போ, பிறக்கப் போற கிடாக்குட்டிக்கும் சேர்த்து இடமும் தீனியும் கணக்கு போட்டுட்டுப் போங்க. கணக்கு இடிச்சா, வாங்காதீங்க. பால் கடையில கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் துப்புரவுப் பணிக்கு வாங்க, மீதியை நேர்ல பேசுவோம்.