கோட்பாடு துரைமாருக்கு மட்டுமா?



“சமூகவியல், கோட்பாடு எல்லாம் கம்பஸ்காரருக்கு. நமக்குச் சம்பளம்தான் பேச்சு.” நம் கூட்டங்களில் இப்படிச் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. நான் மறுக்கிறேன்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி வந்தது. வென்றோம் என்றோம். பல தோட்டங்களில் உடனே கொழுந்தின் கிலோ அளவை ஏற்றினார்கள், எட்டாதவருக்கு அரைப்பேர். சம்பளத்தை நாம் பேசினோம், கிலோவை அவர்கள் வைத்தார்கள். அந்தக் கிலோவுக்குப் பின்னால் இருப்பதும் கோட்பாடுதான். அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர் 1911இல் வந்த தன் நூலில் பெருமையாகச் சொல்லும் கணக்கைப் பாருங்கள்: நாளுக்குப் பன்னிரண்டரை தொன் இரும்பு சுமந்தவரை நாற்பத்தேழரை தொன் சுமக்க வைத்தாராம். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 ஆனது. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி இரண்டு மடங்குகூட இல்லை. நமக்குப் பழகிய கணக்கு அல்லவா?

இதற்குப் பதில் எழுதிய ஹரி பிரேவர்மன் செம்புப் பட்டறையில் உழைத்தவர். 1974இல் வந்த அவர் நூல் சொல்வது இதுதான்: வேலையைப் பற்றி யோசிக்கும் உரிமையைத் தொழிலாளியிடமிருந்து பறித்து நிர்வாகம் தன் கையில் வைத்துக்கொள்கிறது. எந்த மலையில் எப்போது கொழுந்து குறையும் என்பது எடுக்கும் பெண்ணுக்குத் தெரியும். அளவு வைக்கும்போது அவரை யாரும் கேட்பதில்லை.

படித்தவர்களையும் விடமாட்டேன். கிழக்கிற்கு வந்த ஆய்வாளர்கள் குடிவழி, கோயில், பள்ளிவாசல் பற்றி நிறைய எழுதினார்கள். நல்ல எழுத்துத்தான். ஆனால் நான் இருக்கும் ஏறாவூரில் தறியில் சாறன் நெய்யும் சகோதரிக்குத் துண்டுக்குத்தான் கூலி. நூல் சுற்றிக் கொடுக்கும் மகளுக்குக் கணக்கில் பெயரே இல்லை. கேள்விக்கொத்தோடு வருகிறவர்கள் அவருக்கு நேரே ‘தொழில் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். துண்டுக் கூலியில் தொழிலாளியே தனக்குக் கங்காணி ஆகிவிடுவதை மார்க்ஸ் 1867இலேயே விளக்கிவிட்டார். தறிக்கும் தராசுக்கும் அது ஒன்றே.

அடுத்த சம்பளப் பேச்சுக்கு முன் ஒவ்வொரு டிவிஷனிலும் இரண்டு பெண்கள் ஒரு கொப்பி வைத்து எழுதட்டும்: எந்த மலை, எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ, தராசில் கழித்தது எவ்வளவு, அரைப்பேர் யாருக்கு, ஏன். மூன்று மாதம் எழுதினால் போதும். சம்பளத்தோடு கிலோவையும் மேசையில் வைத்துப் பேச நம் தலைவர்கள் அந்தக் கொப்பிகளோடு போகட்டும்.