சித்திர வழக்கும் சிவலிங்கமும்

ஆடையற்ற மேனியையும் ஆண்பெண் கூட்டத்தையும் தீட்டிய ஓவியர்மீது இந்நாட்டில் வழக்கு எழுந்துழியெல்லாம், அவருக்குப் பரிந்து பேசுவோர் முதற்கண் அழைக்கும் சாட்சி கோயிற் சிற்பமாகவே இருக்கின்றது. கஜுராஹோவில் இல்லையா, கோணார்க்கத்தில் இல்லையா என்று தொடங்கும் அவ்வாதம் சிவலிங்கத்தில் வந்து முடிகின்றது. எதிர்ப்பக்கத்தாரோ சமயத்தின் மானங் காப்பதாகக் கூறிக்கொண்டு, மேனி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே வெகுண்டெழுகின்றனர். இரு திறத்தாரும் சிவபெருமான் திருப்பெயரை எடுத்தாள்கின்றனர். இரு திறத்தாரும் சைவ நூலைப் புரட்டிப் பார்த்தவராகத் தோன்றவில்லை.

மக்பூல் ஃபிதா ஹுசைன் என்னும் ஓவியரின் வழக்கை இதற்குக் காட்டலாம். பாரத நாட்டின் எல்லைக்கோட்டு வடிவிலே ஆடையற்ற பெண்ணுருவொன்றை அவர் தீட்டினர். அது 2006-ஆம் ஆண்டில் ‘பாரத மாதா’ என்னும் பெயரோடு ஏல விளம்பரத்தில் வெளிப்பட, பல ஊர்களில் அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. 2008-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் அவ்வழக்குகளைத் தள்ளிற்று. ஆடையின்மை ஒன்றே ஆபாசமாகிவிடாது என்று தீர்ப்புக் கூறியது. அதனளவில் குற்றங் காண்பதற்கில்லை. ஆயின் தீர்ப்பு அவ்வளவில் நில்லாது, புவனேசுவரம், கோணார்க்கம், கஜுராஹோ முதலிய கோயில்களின் மிதுனச் சிற்பங்களை எண்ணிக் காட்டி, ஆவுடையாரின் நடுவே நிற்கும் இலிங்கமும் ஒருவாற்றாற் படைப்புச் செயலை, பிரகிருதி புருடர் கூட்டத்தை, குறிப்பதே என்றும் எழுதிற்று. வழக்குக்குரிய படத்தில் சிவமூர்த்தம் யாதும் இல்லை, தீர்ப்பிலோ உண்டு! ஓவியரை விடுவித்தற்கு வேண்டாத ஒரு வாக்கியம், வழக்கில் வாராத ஒரு சமயத்தின் தலைமைப் பொருளுக்கு உரை வகுத்துவிட்டது.

அவ்வுரை பொருந்துமா என்று பார்க்கலாம். பிரகிருதி புருடர் என்னும் இரட்டை சாங்கியரது கொள்கை. சித்தாந்த சைவத்தில் தத்துவங்கள் முப்பத்தாறு. அவற்றுள் மூலப்பகுதி எனப்படும் பிரகிருதி, அசுத்த மாயையின் காரியமாகிய கலையினின்று தோன்றுவது, அறிவற்ற சடம். புருடனோ வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று. காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்து கஞ்சுகத்தாற் போர்க்கப்பட்டுப் போகத்தை நுகர முனைந்து நிற்கும் உயிரின் நிலைக்கு அது பெயர். சிவம் இம்முப்பத்தாறுக்கும் அப்பாற்பட்டது. சத்தி அதற்கு வேறாய் நின்று பின்னர் வந்து கூடிய மற்றொரு பொருளன்று. ஞாயிறும் கதிரும்போலப் பிரிப்பின்றி நிற்பது. ஆகவே சிவத்தைப் புருடனென்றும் சத்தியைப் பிரகிருதியென்றும் கூறுவோர், முதல்வனைக் கட்டுண்ட உயிராகவும் அவன் திருவருளைச் சடமாகவும் ஆக்கிவிடுகின்றனர். இதனினும் பெரிய தலைகீழ்ப் பாடம் சித்தாந்த மாணாக்கன் எவனும் எழுதியிரான்.

இனி இலிங்கத்தின் வடிவம். இறைவன் கொள்ளும் ஒன்பது பேதத்துள் சிவம், சத்தி, நாதம், விந்து என்னும் நான்கும் அருவம். மகேசன், உருத்திரன், மால், அயன் என்னும் நான்கும் உருவம். இடைநின்ற சதாசிவம் அருவுருவம். இலிங்கம் அச்சதாசிவத்தைக் குறிப்பது. கண்ணாற் காணப்படுதலின் அருவமன்று. முகம், கை, கால் முதலிய உறுப்புக்களின்றி நிற்றலின் உருவமுமன்று. உறுப்பு யாதும் இல்லாமையையே இலக்கணமாக உடைய ஒன்றினை ஓர் உறுப்பென்று சொல்வது எத்துணை விநோதம்!

இதுவும் இந்நாட்டிற் பிறந்த கருத்தாகக் கொண்டாடப்படுதற்கு உரியதன்று. 1900-ஆம் ஆண்டு பாரிசில் கூடிய சமய வரலாற்று மாநாட்டில் ஓப்பர்ட் என்னும் செருமானியப் பண்டிதர் இலிங்கத்தை ஆண்குறியென உரைத்தபோது, விவேகானந்தர் அவ்விடத்தே எழுந்து மறுத்தனர். அன்று மறுக்கப்பட்டதே நூற்றெட்டு ஆண்டு கழித்துத் தில்லியில் சுதேசி மரபென்னும் பெயரோடு திரும்பி வந்தது.

குடிமல்லத்தை எடுத்துக் காட்டுவார் உளர். கோபிநாதராவ் தம் விக்கிரக சாத்திர நூலில் விரித்துரைத்த அப்பழைய இலிங்கம் ஆண்குறியின் சாயலுடையது என்பது கண்கூடு. அதனை மறுத்தல் கல்லையே மறுத்தலாய் முடியும். சைவர் சிலர் அங்ஙனம் மறுத்து நகைக்கு இடமாயினர். ஆயினும் ஒரு குறியின் பண்டை வடிவம் வேறு, அதனை வழிபடுவோர் நூல் அதற்கு உரைக்கும் பொருள் வேறு. ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்து எருதின் தலையைக் குறித்த பண்டை வரிவடிவத்தினின்று வந்தது. அதனைப் படிப்போர் எருதைப் படிக்கின்றனர் என்று எவரும் சொல்வதில்லை.

மிதுனச் சிற்பங்களின் நிலை வேறு. தமிழ்நாட்டிலும் அவை உண்டு. கோபுரத்துச் சுதையிலும், மண்டபத் தூணிலும், தேரின் அடிமரங்களிலும் உண்டு. அவை கண்ணேறு கழிப்பன என்பர். இடி விழாது காப்பன என்பர். காமத்தைப் புறத்தே விட்டு வருக என்று அன்பர்க்கு அறிவுறுத்துவன என்பர். இவற்றுட் பல, கேட்ட குழந்தைக்குத் தாத்தா சொல்லிய சமாதானங்களே. எதுவாயினும், அவற்றுக்குத் தியான சுலோகம் இல்லை, ஆவாகனம் இல்லை, பூசை இல்லை. கருவறைத் திருமேனிக்கும் தேர்க்காலின் மேலுள்ள மரப்பொம்மைக்கும் ஆகமம் வைத்த வேற்றுமையை அறியாதார் இரண்டனையும் ஒரே பட்டியலில் அடுக்குகின்றனர். சட்டத்தின் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. இந்தியத் தண்டனைச் சட்டம் 292-ஆம் பிரிவும், 2024 சூலை 1 முதல் அதனிடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 294-ஆம் பிரிவும், கோயிலிலும் மூர்த்திகள் எழுந்தருளும் தேரிலும் உள்ள உருவங்களை ஆபாசக் குற்றத்தினின்று விலக்கியுள்ளன. விலக்கப்பட்ட ஒன்றை விலக்கப்படாத மற்றொன்றுக்கு அளவுகோலாக்குதல் எந்த நியாயத்தின்பாற் படும்?

இவ்வளவும் கேட்டு மகிழ்ந்து, ஓவியர்மேற் கல்லெறிய எழும் கூட்டத்தார்க்கும் ஒரு சொல் உண்டு. 1998-இல் மும்பையில் ஹுசைனின் இல்லம் தாக்கப்பட்டது. 2006-இல் அவர் நாட்டை விட்டு நீங்கினர்; 2010-இல் கத்தார் நாட்டுக் குடியாயினர்; 2011-இல் இலண்டனில் இறந்தனர். முதுமையில் ஒருவரை ஊரினின்று ஓட்டியது எந்தச் சிவாகமத்து விதி? ஆடையின்மையே குற்றமெனின், தாருகவனத்திலே திகம்பரனாய்ப் பலிக்குச் சென்ற பிட்சாடனத் திருமேனியை எங்கே ஒளித்து வைப்பர்? ஆண்பெண் காதலைப் பாடுதலே இழுக்கெனின், நானூறு துறையும் அகப்பொருளாகிய திருக்கோவையாரை எட்டாந் திருமுறையினின்று கிழித்தெறிவரோ? அம்மையை ஒரு கையால் அணைத்து நிற்கும் ஆலிங்கன சந்திரசேகரர்க்குத் திரை கட்டுவரோ? குறுக்கை வீரட்டத்தில் காமனை எரித்த பெருமானே இரதியின் வேண்டுகோளுக்கு இரங்கி அவனை மீள எழுப்பினன். இவர்களோ எரித்ததை மாத்திரம் நினைவில் வைத்திருக்கின்றனர்.

ஓவியரின் உரிமைக்கு வேறு நியாயம் உண்டு, அதுவே போதும். அக்பர் பதம்சீ 1954-இல் பம்பாயில் காட்சிக்கு வைத்த ‘காதலர்’ என்னும் படங்களுக்காக நீதிமன்றம் ஏறி விடுதலை பெற்றனர். அவருடையனவும் எஃப். என். சூசாவினுடையனவுமாகிய ஏழு படைப்புக்கள், அயல்நாட்டு ஏலத்தில் வாங்கப்பட்டு மும்பைக்கு வந்தபோது, ஆபாசமென்று சுங்க அதிகாரிகளாற் பறிக்கப்பட்டன. 2024 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவற்றை விடுவிக்க ஆணையிட்டது. ஆடையற்ற படமெல்லாம், கூட்டத்தைக் காட்டும் படமெல்லாம் ஆபாசமாகிவிடா என்பதும், கலையறிந்தோர் கருத்தை நோக்காது அதிகாரி தம் கருத்தையே சட்டமாக்கல் ஆகாது என்பதும் அதன் சாரம். இவ்வளவிற்கு இலிங்கத்தைத் துணைக்கழைக்க வேண்டுவதே இல்லை.

விடுதலை பெற்ற படமெல்லாம் வணங்கத்தக்கதாய்விடுமோ எனின், அன்று. தனு, கரண, புவன, போகம் என்னும் நான்கும் ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் விளக்காக முதல்வன் மாயையினின்று தந்தவை. ஆகலின் உடல் இழிந்ததன்று. இழிந்ததெனச் சொல்வோர் தந்தவனைப் பழிக்கின்றனர். ஆயினும் உயிர் பளிங்கனையது. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. எப்படத்தைப் பல்காற் பார்க்கின்றதோ அதன் நிறம் அதன்மேல் ஏறும். சூசா 1924-இல் கோவாவில் கத்தோலிக்கக் குடியிற் பிறந்தவர். தடித்த கருங்கோடுகளாற் சிதைத்தெழுதிய அவர் பெண்ணுருவங்களில் வேட்கையும் பாவத்தின் அச்சமும் ஒன்றையொன்று பிடித்து மல்லாடுகின்றன. அவை ஆபாசமுமல்ல, ஆனந்தமுமல்ல. பாசத்திற் பட்ட உயிரொன்றின் வாக்குமூலம். அவ்வாறு நோக்குவோர்க்கு அவற்றைச் சுங்கச்சாவடியில் தடுக்க வேண்டிய அச்சமும் இல்லை. கோயிலோடு ஒப்பிட்டு உயர்த்த வேண்டிய ஆவலும் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிற் சுவரில் கூத்தப்பிரான் திருவடிக்கீழே காரைக்காலம்மையார் அமர்ந்திருக்கின்றார். மார்பு வற்றி, என்பு தோன்றி, கண்டார் விரும்பும் அழகனைத்தையும் உதறிய பெண்மேனி அது. தமக்கு அவ்வடிவை அவரே வேண்டிப் பெற்றார் என்கின்றது புராணம். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சிற்பி அம்மேனியைச் சற்றும் ஒளிக்காது கல்லிற் காட்டியிருக்கின்றான். கோயிலில் இல்லையா என்று கேட்போர் கஜுராஹோவுக்குப் போகும் வழியில் இங்கு இறங்குவதில்லை.