ஊகம் தீர்ப்பாகலாமா?

இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் தலையாயது அறிவு. ஆயினும் அவ்வறிவு அவசரத்தில் குறுக்குவழியை நாடிவிடுகிறது. அரிதான ஒன்று நிகழக் கண்டதும், “இது தானாக நடந்திருக்க முடியாது, எவரோ செய்த வேலைதான்” என்று முடிவு கட்டிவிடுகிறது. அம்முடிவுக்கு ஓர் எண்ணும் துணை வந்துவிட்டால், பிறகு எவர் சொல்லும் எடுபடுவதில்லை.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்னும் பெண் வழக்கறிஞருக்கு நேர்ந்த கதியே இதற்குச் சான்று. அவருடைய ஆண் குழந்தைகள் இருவர், 1996-ஆம் ஆண்டில் ஒருவரும் 1998-ஆம் ஆண்டில் மற்றொருவருமாக, மூன்று மாதம் நிறையுமுன் இறந்தனர். தாயே கொன்றார் என்று வழக்கு எழுந்தது. சாட்சி கூறிய மருத்துவப் பேராசிரியர் ராய் மெடோ, அத்தகைய வசதியுள்ள குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் புலப்படாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்றார். அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, இரு குழந்தைகளும் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றும் கூறினார். வேறு மருத்துவச் சாட்சியங்களும் இருந்தன. ஆயினும் மக்கள் நாவில் நின்றது அந்த எண்ணே. 1999 நவம்பரில் அத்தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அக்கணக்கில் பிழைகள் இரண்டு. ஒன்றோடொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகளையே அங்ஙனம் பெருக்கலாம். ஒரே இரத்தமும் ஒரே கூரையும் கொண்ட உடன்பிறப்புகளுள் ஒருவரைப் பறித்த அறியாத குறைபாடு மற்றவரையும் பறிக்கக்கூடுமன்றோ?

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. லாட்டரி நமக்கு ஹராம். எனினும் உவமைக்காகக் கூறுகிறேன். கோடிச் சீட்டுகளுள் ஒன்றுக்குப் பரிசு விழுகிறது. பரிசு பெற்றவனைப் பிடித்து, “உனக்கு விழும் வாய்ப்பு கோடியில் ஒன்றே, ஆகவே நீ மோசக்காரன்” என்போமா? குழந்தைகள் இருவர் இயல்பாக இறப்பது அரிது. பெற்ற தாயே இருவரையும் அடுத்தடுத்துக் கொல்வதும் மிக அரிது. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த எண்ணோ தராசின் ஒரு தட்டை மட்டுமே காட்டியது.

2001-இல் ராயல் புள்ளியியல் கழகம் அக்கணக்கைப் பகிரங்கமாக மறுத்தது. இரண்டாம் குழந்தையின் உடலில் நோய்க்கிருமிகளைக் காட்டிய பரிசோதனை முடிவு எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்படாதிருந்ததும் வெளிப்பட்டது. 2003 ஜனவரியில், இதனையே முதன்மைக் காரணமாகக் கொண்டு, மேல்முறையீட்டு மன்றம் அவரை விடுவித்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் வாடிய அவர், 2007-இல் தம் 42-ஆம் வயதில் மறைந்தார்.

கற்றோர் நிறைந்த மன்றத்திலேயே இங்ஙனமாயின், திண்ணைகளில் தீர்ப்புக் கூறும் நம் நிலை யாது? புது மருமகள் வந்த மாதத்தில் மாமனார் இறந்தால், “ராசியில்லாதவள்” என்கிறோம். மருமகள் வந்தும் சாவு நேராத வீடுகள் எத்தனை? மருமகள் வராமலே சாவு நேர்ந்த வீடுகள் எத்தனை? எவர் எண்ணிப் பார்த்தார்? எண்ணாத கணக்கின்மீது ஒரு பெண்ணின் வாழ்வைச் சிதைப்பது அநீதியன்றி வேறென்ன?

சந்தேகம் எழுமிடத்தில் ஹத்து எனும் தண்டனையை விலக்குவது நம் ஃபிக்ஹு அறிஞர்கள் காலங்காலமாகப் பேணிவரும் விதி. அந்நிதானம் காழியின் மன்றத்திற்கு மட்டும் உரியதன்று. நம் நாவிற்கும் உரியது. ஒருவரைக் குற்றவாளி என்று கூறுமுன், தராசின் மறு தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் நோக்குவோமாக. வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் தெளிவை அருள்வானாக!