தரவு மட்டும் போதாது

அமெரிக்காவில் 9, 10 வயதுச் சிறார் ஏறத்தாழ 11,880 பேரைச் சேர்த்து, அவர்கள் இளைஞராகும் வரை பத்தாண்டுகள் பின்தொடரும் மாபெரும் ஆய்வு ஒன்று நடைபெற்று வருகிறது. 'பதின்பருவ மூளை, அறிதிறன் வளர்ச்சி ஆய்வு' என்பது அதன் பெயர். 21 மையங்களில் குறிப்பிட்ட இடைவெளிகளில் சிறாரின் மூளை எம்.ஆர்.ஐ. கருவியால் படம்பிடிக்கப்படுகிறது. உறக்கம், படிப்பு, திரை பார்க்கும் நேரம், குடும்ப வருமானம் என அனைத்தும் பதிவாகின்றன. அடையாளங்கள் நீக்கப்பட்ட இத்தரவு, உரிய அனுமதி பெறும் பிற ஆய்வாளர்களுக்கும் வழங்கப்படுகிறது.

பொதுப்பணத்தில் திரட்டிய தரவைப் பகிர்ந்துகொள்வது வரவேற்கத்தக்கதே. ஆனால், தரவு ஒன்றாக இருந்தால் முடிவும் ஒன்றாகவே இருக்குமா? 2020-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இதற்கு விடையளித்தது. ஒரே மூளைப் படத் தரவு 70 குழுக்களிடம் அளிக்கப்பட்டு, 9 கருதுகோள்களைச் சோதிக்குமாறு கேட்கப்பட்டது. எந்த இரு குழுக்களும் முற்றிலும் ஒரே வழிமுறையைக் கையாளவில்லை. பல கருதுகோள்களில் முடிவுகளும் முரண்பட்டன.

பொருளியல் துறைக்கு இந்தப் பாடம் புதிதன்று. பொதுக்கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-இல் எழுதினர். பல நாடுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்கு அது ஆதாரமாகக் காட்டப்பட்டது. வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்துபார்த்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், எக்செல் அட்டவணையின் சராசரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்ததைக் கண்டறிந்தார். அவரும் அவருடைய பேராசிரியர்களும் 2013-இல் வெளியிட்ட திருத்தக் கணக்கில், மைனஸ் 0.1 சதவீத வளர்ச்சி 2.2 சதவீதமாக மாறியது.

மூளைத் தரவில் இடர்கள் இன்னும் அதிகம். எண்ணிக்கை பெரிதாக இருப்பதால், நடைமுறையில் பொருளற்ற மிகச் சிறிய தொடர்பும் புள்ளியியல் சோதனையில் தேறிவிடும். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளும் இரட்டையரும் இருப்பதைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், மையத்துக்கு மையம் கருவி வேறுபடுவதை மறந்தாலும் விடை பிறழும்.

இத்தகைய பிழை சமூகத்தையும் காயப்படுத்தக்கூடும். இதே தரவை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஒரு கட்டுரை, கருப்பினச் சிறாருக்கும் வெள்ளையினச் சிறாருக்கும் மூளை அமைப்பில் தென்பட்ட வேறுபாடுகளுக்குக் குடும்ப வருமானம் உள்ளிட்ட வாழ்க்கை இடர்ப்பாடுகளுடன் தொடர்பிருப்பதை எடுத்துக்காட்டியது. வறுமையைக் கணக்கில் சேர்க்காத ஆய்வாளர், பிறப்பின் மீது பழிபோட்டிருப்பார்.

எனவேதான், இத்தரவைக் கையாள்வோருக்கு அங்கு தனிப் பயிற்சி வகுப்பே நடத்தப்பட்டது. தரவைப் பார்க்கும் முன்பே கருதுகோளைப் பதிவு செய்தல், கணினி நிரலை வெளியிடுதல், பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பைக் குறித்துவைத்தல், பிறர் செய்தாலும் அதே விடை வருமாறு ஆவணப்படுத்துதல் ஆகியவை அத்தகைய பயிற்சியின் அடிப்படைகள்.

நமக்கும் இதில் பங்குண்டு. சென்னை ஐஐடி 2024-இல் கருவிலுள்ள சிசுவின் மூளை குறித்த 'தரணி' தரவுத்தொகுப்பை அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. தரவு தருமளவுக்கு உயர்ந்துள்ள நாம், அதை ஆராயும் ஒழுங்கையும் கற்பிக்க வேண்டாமா? முனைவர் பட்ட மாணவர் ஒவ்வொருவரும், தம் ஆய்வைத் தொடங்கும் முன், வெளியான ஒரு கட்டுரையின் கணக்கைத் திரும்பச் செய்துகாட்ட வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் விதிக்கலாம். இதற்குப் புதிய ஆய்வகமோ பெருநிதியோ தேவையில்லை. ஹெர்ன்டனுக்குத் தேவைப்பட்டது ஒரு வகுப்புப் பயிற்சி மட்டுமே.